வாசகர் கேள்வி – பதில்: காதுக்கு ஏற்ற இயர்போன்

இம்மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இயர்போன், ஹெட்போன் வாங்குவது பற்றியே இருந்ததால், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டு விடை தருகிறோம்.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்களே என்று 900 ராண்ட் கொடுத்து ஓர் இயர்போன் வாங்கினேன். பாட்டுக் கேட்டால் தகரத்தில் தட்டுவதுபோல் இருக்கிறது. மிருதங்கத்தின் அடியொலி காதில் விழவே இல்லை. இதைவிட விலை கூடியதாக வாங்கினால் சரியாகுமா? — வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: இன்னொன்று வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மிருதங்கம் நன்றாக ஒலிக்கும் ஒரு கீர்த்தனையை ஓடவிட்டு, இரு காதிலும் உள்ள இயர்போன்களை விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்திய கணமே இடந்தலையின் 'கும்' நிறைந்து வந்து, விரலை எடுத்ததும் அது மறைந்துவிட்டால், குறை கருவியில் இல்லை. அது உங்கள் காதில் பொருந்தவில்லை என்பதே பொருள். இயர்போனின் முனை காதுக்குழாயின் வாயை முழுவதுமாக அடைத்தால்தான் தாழ்ந்த ஒலிகளின் அழுத்தம் உள்ளே நிற்கும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது வெளியே கசிந்துவிடும். ஜால்ராவும் குரலின் மேல்ஸ்தாயியும் அவ்வளவாகக் கசிவதில்லை. அதனால்தான் மிச்சமிருப்பது தகரமாகக் கேட்கிறது.

பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகளில் சிலிக்கோன் முனைகள் இருந்திருக்கும். கடையிலிருந்து வரும்போது மாட்டியிருக்கும் நடுத்தர முனையையே கடைசிவரை வைத்துக்கொண்டு, மற்றவற்றை மேசை இழுப்பறையில் போட்டுவிடுபவர்கள் ஏராளம். ஒருவருடைய வலக்காதும் இடக்காதும் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் பெரிது என்று போட்டுக்கொள்வதில் தவறேதும் இல்லை. மாட்டும்போது மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாகச் சற்று இழுத்துப் பிடித்தால் குழாய் நேராகி, முனை உரிய இடத்தில் போய் அமரும். எந்தச் சிலிக்கோன் முனையும் ஒத்துவரவில்லையென்றால் நுரைப்பஞ்சு முனைகள் தனியாக விற்கின்றன. அவற்றை விரல்களுக்கிடையில் நசுக்கி உள்ளே வைத்து, விரியும் வரை பிடித்திருக்கவேண்டும். நன்றாக அடைக்கும், ஆனால் விரைவில் அழுக்கேறி உதிரும். உங்களுடையது ரப்பர் முனையே இல்லாமல் காதின் வாயில் தொங்கும் வகையாக இருந்தால், அமைதியான அறையில் போதும். பேருந்தில் அதிலிருந்து மிருதங்கத்தை எதிர்பார்க்கக்கூடாது.

விலையைப் பற்றிக் கேட்டீர்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்து, தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை அவை ஒலிக்கும் விதத்துக்கும் கடை விலைக்கும் தொடர்பில்லை என்று கண்டார்கள். விலை கூடும்போது உழைப்பும் தோற்றமும் மைக்கும் மேம்படலாம். செவிக்கு இனிமை கூடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தலைமேல் மாட்டும் பெரிய ஹெட்போனுக்கும் இதே விதிதான். மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டால் அங்கேயும் அடியொலி ஓடிவிடும். தோட்டின் திருகாணி மெத்தைக்குள் அகப்பட்டு அரை மணியில் காதின் பின்புறம் வலிக்கத் தொடங்கும். தினமும் அணிகிற கண்ணாடியோடும் தோட்டோடும் கடைக்குப் போய், கால் மணி நேரமாவது தலையில் வைத்திருந்து பார்த்தபின் பணம் கொடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: என் தாத்தா கைபேசியில் லோட்டஸ் எஃப்எம் கேட்பவர். கம்பியில்லாத இயர்போன் வாங்கிக்கொடுத்த பிறகு வானொலி வேலை செய்யவில்லை என்கிறார். கைபேசி பழுதாகிவிட்டதா? — வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: இல்லை. எஃப்எம் வசதியுள்ள கைபேசிகளில் பெரும்பாலானவை இயர்போனின் கம்பியையே ஆண்டெனாவாகப் பயன்படுத்துகின்றன. 100 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலையின் நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் கால் பங்குக்குமேல் நீளமுள்ள கம்பி தொங்கும்போது அலை எளிதாகச் சிக்குகிறது. கம்பியை எடுத்துவிட்டால் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. பழைய கம்பி இயர்போனைச் செருகியே வைத்திருக்கச் சொல்லுங்கள். காதில் மாட்டப் பிடிக்காவிட்டால் கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்கும் வசதி வானொலிச் செயலியிலேயே இருக்கும். இணையம் வழியாகவும் கேட்கலாம், ஆனால் அதற்கு டேட்டா செலவாகும். 1983இல் ரேடியோ லோட்டஸ் என்று தொடங்கிய காலந்தொட்டு காசு கொடுக்காமல் கேட்டுவந்தவரிடம் போய் இப்போது டேட்டா வாங்கச் சொல்வது, என்னைக் கேட்டால், நியாயமில்லை.

கேள்வி: வெளி இரைச்சலை நீக்கும் இயர்போனுக்கு இருமடங்கு விலை கேட்கிறார்கள். தினமும் மினிபஸ் டாக்சியில் கல்லூரிக்குப் போகும் எனக்கு அது தேவையா? — மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அது எதை நீக்கும், எதை நீக்காது என்று அறிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிது. கருவியின் மேலுள்ள சிறு மைக் வெளியிலிருந்து வரும் ஒலியைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் சில்லு அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கிக் காதுக்குள் விடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மாறாமல் ஒரே சீராக உறுமும் தாழ்ந்த ஒலிகளிடம் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் 1978இல் ஒரு விமானப் பயணத்தின்போது இதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கும் எஞ்சின் உறுமலும் குளிர்சாதன இரைச்சலும்தான் அது நன்றாக வெல்லும் எதிரிகள். பக்கத்து இருக்கைப் பேச்சு, குழந்தையின் அழுகை, ஹார்ன் ஆகியவை குறையுமே தவிர மறையா. டாக்சி ஓட்டுநர் தம் ஒலிபெருக்கியை அலறவிட்டால் அதற்கு எதிராக எந்தச் சில்லும் அதிகம் செய்துவிடாது.

நன்றாக அடைக்கும் சாதாரண ரப்பர் முனையே பேச்சொலியையும் கீச்சொலியையும் பெருமளவு தடுத்துவிடும். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் போகிறவருக்கு இந்தக் கூடுதல் விலை வீண் அல்ல. எஞ்சின் உறுமலை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டவேண்டிய தேவை இல்லாமற்போவதே இதன் பெரிய பயன். நகரத்துக்குள் பத்து நிமிடப் பயணமென்றால் தேவையில்லை. இறங்கும் இடம் வருவதற்கு முன் 'ஷார்ட் லெஃப்ட்' என்று குரல் கொடுக்கவேண்டிய வண்டியில், ஓட்டுநர் திரும்பி என்ன கேட்டார் என்பது உங்கள் காதில் விழவேண்டும். அதற்காகவும், சாலையைக் கடக்கும்போதும், வெளியொலியை உள்ளே விடும் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்டாக் இல்லாத இயர்போனை வாங்கவே கூடாது என்கிறார் என் அண்ணன். என்னிடம் இருப்பது ஐபோன். — வாசகி, டோங்காட்

பதில்: எல்டாக் என்பது புளூடூத் வழியாக நொடிக்கு 990 கிலோபிட் வரை ஒலியை அனுப்பும் முறை. அனுப்பும் கருவி, பெறும் கருவி இரண்டிலும் அது இருந்தால்தான் பயன், ஐபோனில் இல்லை. அண்ணனுடைய கைபேசிக்கு அவர் சொல்வது பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது. ஐபோன் பயன்படுத்தும் ஒலி அனுப்பும் முறையான ஏஏசி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கீபோர்டு பழகுவதற்கென்றால் எந்தப் புளூடூத்தும் வேண்டாம்: கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்தே ஒலி வரும், தாளம் கெடும். அதற்குக் கம்பிதான்.

கேள்வி: டர்பன் கடற்கரையில் காலையில் ஓடும்போது அணிய எது ஏற்றது? — வாசகர், ஐசிபிங்கோ

பதில்: ஐபிஎக்ஸ்4 என்று குறித்திருந்தால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், வியர்வைக்கு அது போதும். சார்ஜ் செய்யும் பெட்டிக்கும் அதே பாதுகாப்பு இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஓடி முடித்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் எந்நேரமும் ஹெட்போனோடு இருக்கிறான். '85 டெசிபெலுக்கு மேல் போகாது' என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா? — ஒரு தாய், மெர்பேங்க்

பதில்: அந்த எண்ணை மட்டும் நம்பி இருக்கக்கூடாது, அம்மா. உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது எல்லை. குழந்தைகளுக்கு 75 டெசிபெலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 85 டெசிபெலில் உங்கள் மகன் கேட்கலாகும் நேரம் வாரத்துக்கே சுமார் 4 மணிதான். எத்தனை சத்தம் என்பதோடு எத்தனை நேரம் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. ஐபோனில் உரத்த ஒலியைக் குறைக்கும் அமைப்பில் 75 டெசிபெலை எல்லையாக வைக்கலாம். ஹெட்போனைக் கழற்றிய பிறகு காதில் 'ஙொய்' என்ற இரைச்சல் கேட்பதாகவோ, ஒலிகள் மங்கிக் கேட்பதாகவோ அவன் சொன்னால், சில நாள் முழு ஓய்வு கொடுங்கள். தொடர்ந்தால் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: வாங்கி நான்கு மாதத்தில் இடப்பக்க இயர்போன் ஊமையாகிவிட்டது. 'தயாரிப்பாளருக்கு அனுப்புவோம், அவர்கள் பழுதுபார்த்துத் தருவார்கள், அவ்வளவுதான்' என்கிறது கடை. — வாசகர், லெனேசியா

பதில்: தேர்ந்தெடுக்கும் உரிமை கடைக்கு இல்லை, உங்களுக்கே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரியவந்தால், பழுதுபார்த்தல், மாற்றுப்பொருள், பணம் ஆகியவற்றில் ஒன்றை நீங்கள் கேட்டுப் பெறலாம். திருப்பி அனுப்பும் செலவும் அவர்களுடையது. இந்தப் பொறுப்பு தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் ஆகிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உண்டு என்பதால், கடை மற்றவரைக் கைகாட்டி விலகமுடியாது. பழுதுபார்க்கச் சம்மதித்து, 3 மாதத்துக்குள் அதே குறை மீண்டும் வந்தால், அதன்பின் மாற்றுப்பொருளோ பணமோ தந்தாகவேண்டும். தண்ணீரில் போட்டதற்கும் மிதித்ததற்கும் இது பொருந்தாது.

முதலில் வலையை ஊசியால் குத்தாமல், உலர்ந்த மென்மையான தூரிகையால் துடைத்துப் பாருங்கள். ஊமையான இயர்போன்களில் பல, குறும்பி அடைத்தவையே. அதன்பின்னும் பேசாவிட்டால் மேற்சொன்ன பிரிவைக் குறிப்பிட்டுக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் திருப்தியில்லையெனில் நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் (ஆம்பட்ஸ்மன்) முறையிடலாம். ரசீதுத் தாளின் எழுத்து சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதால், இன்றே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.