ராசியில்லாத சைக்கிள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். வயது 38. நான்கு மாதங்களுக்கு முன் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கினேன். கடையில் சொன்னதைக் கேட்டு, காலணியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகையை மாட்டிக்கொண்டேன். 20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் பழக்கமில்லை. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குழுவோடு திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் கிளம்பினேன். அக்கரை சிக்னலில் காலை விடுவிக்க முடியாமல், ஒரு பேருந்தே வேடிக்கை பார்க்க, நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தேன். கோவளம் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். குழுவில் ஒருவர் புது டியூப் போட்டுத் தந்தார். மூன்றே கிலோமீட்டரில் அதுவும் இறங்கிவிட்டது. சாலையோரக் கடைக்காரர் ஒருவர் டயரிலிருந்து எதையோ பிடுங்கிப் போட்டுவிட்டு ஒட்டித் தந்தார். அதற்குள் குழுவினர் போய்விட்டார்கள். திரும்பும்போது கடுமையான எதிர்க்காற்று. காலையில் காபி மட்டும்தான் குடித்திருந்தேன். கோவளம் அருகே கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. தம்பியை அழைத்து, காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். “உனக்கும் சைக்கிளுக்கும் ராசியில்லை, விட்டுவிடு” என்கிறார் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இதை விற்றுவிட்டு நேரான கைப்பிடி கொண்ட சாதாரண சைக்கிள் வாங்கலாமா? அல்லது இந்த வயதில் இதெல்லாம் வேண்டாமா?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லாமல் இருந்திருந்தால் தனிமடலில் நான்கு வரி எழுதி முடித்திருப்பேன். ‘ராசி’ என்ற அந்தச் சொல்லோடு எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்கு இருக்கிறது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கு நேர்ந்தவற்றைப் பார்த்துவிடலாம். சிக்னலில் விழுந்தது ஒரு பொருட்டே அல்ல. அவ்வகைப் பெடலைப் பூட்டிக்கொண்ட அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது அப்படி விழுந்தவர்கள்தான். பெடலின் பிடியைத் தளர்த்த அதிலேயே ஒரு சிறு திருகு இருக்கிறது. அதைத் தளர்த்திக்கொண்டு, சிக்னலுக்கு ஐம்பது மீட்டர் முன்பாகவே ஒரு காலை விடுவித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் போதும். பேருந்தில் இருந்து பார்த்தவர்கள் அடுத்த நிறுத்தத்துக்குள் மறந்திருப்பார்கள். நீங்கள் அவர்களை இன்னும் சுமந்துகொண்டிருப்பது வீண்.

எதிர்க்காற்று உங்கள் மீது தனியாக ஏவிவிடப்பட்டதன்று. மார்கழியிலும் தையிலும் அந்தக் கடற்கரையில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். தெற்கே மாமல்லபுரம் போகும்போது அது முதுகைத் தள்ளும்; நாம் அதை நம் காலின் வலிமை என்று எண்ணிக்கொள்வோம். வடக்கே திரும்பும்போதுதான் கணக்குத் தெரியும். புதிதாக ஓட்டுபவர்கள் காற்று எதிரே இருக்கும் திசையில் முதலில் போய், காற்றோடு திரும்ப வேண்டும். கண்ணை இருட்டிக்கொண்டு வந்ததற்கும் காரணம் வெளிப்படையானது. உடலில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒன்றரை, இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்குத்தான் தாங்கும். இரவு முழுக்க வெறும் வயிறாக இருந்துவிட்டு ஒரு காபியோடு போவது, எரிபொருள் இல்லாமல் வண்டியைத் தள்ளுவதற்கு ஒப்பானது. இரண்டு வாழைப்பழமும் நான்கு கடலை மிட்டாயும் சட்டைப்பையில் இருந்திருந்தால் உங்கள் தம்பிக்கு அன்று வேலை இருந்திருக்காது. அவரை அழைத்தது சரிதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தலை சுற்றும்போது அந்தச் சாலையில் வண்டி ஓட்டுவது துணிச்சலாகாது.

20 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியிராத ஒருவரைப் போக வர ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவுக்குக் கூட்டிச் சென்று, நடுவழியில் விட்டுவிட்டு முன்னே போன அந்தக் குழுவினர் மீது எனக்குக் கோபம் உண்டு. கடைசியில் வருபவரோடு ஒருவர் கூடவே வர வேண்டும் என்பது குழுவாகச் செல்வதன் முதல் ஒழுங்கு. அதைச் செய்யாதவர்களிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், மறுபடி அவர்களோடு போகவும் வேண்டாம்.

இவற்றையெல்லாம் மன்னிக்கலாம், மறக்கலாம். என்னால் தாண்டிப் போக முடியாதது, நீங்கள் எதையும் நினைக்காமல் எழுதிவிட்ட ஒரு சொல்: “டயரிலிருந்து எதையோ பிடுங்கிப் போட்டார்.” எதையோ! ஒரே காலையில் உங்களை இரண்டு முறை தெருவில் நிறுத்திய ஒரு பொருள், ஒரு மனிதரின் விரலிடுக்கில் உங்கள் கண் முன்னால் வெளியே வந்திருக்கிறது. அது என்ன என்று நீங்கள் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, அதற்கு ராசி என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

நான் கீரனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். 1991 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிளையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முனைந்து நின்றார். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தை ஒட்டி, கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு 1500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் மணியடித்தபடி சைக்கிளில் சென்றார்கள். குவாரியில் கல் உடைப்பவர்கள், வயல் வேலை செய்பவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று கற்றுக்கொண்டவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை என்பதால் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். பிள்ளையை முன்னால் உட்கார வைக்கப் பார் உதவுகிறது என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

என் அம்மா அந்த ஊர்வலத்தில் இல்லை. போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு, மறுநாள் அந்தியில் அப்பாவின் சைக்கிளைக் களத்துமேட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். அப்போது அவருக்கு வயது 34, எனக்கு 12. கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவது என் வேலை. முதல் வாரத்தில் மட்டும் மூன்று முறை சேலை சங்கிலியில் சிக்கி, வண்டியோடு சேர்த்துக் கீழே இழுத்தது. வைக்கோற்போரைப் பார்த்து, அதில் மோதிவிடக்கூடாது என்று எண்ணி எண்ணி அதிலேயே போய் மோதினார். என் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். “இது உனக்கு ராசியில்லாத வண்டி ஆத்தா, விட்டுரு” என்று தினமும் சொல்வார். அதில் கெட்ட எண்ணம் இல்லை. மருமகளின் முழங்காலில் மஞ்சளைக் குழைத்துப் பூசியவரும் அவர்தான். அன்போடு சொல்லப்படுவதால்தான் அந்தச் சொல் அவ்வளவு எளிதாக உள்ளே இறங்கிவிடுகிறது. உங்கள் அம்மா சொன்னதும் அப்படியே.

இரண்டு மாதம் கழித்து, கேரியரில் கத்தரிக்காய் மூட்டையைக் கட்டிக்கொண்டு அம்மா முதல்முறையாகத் தனியே சந்தைக்குப் போனார். போகும் வழியிலேயே பின்சக்கரம் இறங்கியது. ஒரு கடையில் நிறுத்தி ஒட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுபடி பாதிக் காற்று போயிருந்தது. மதியத்துக்குப் பின் போனதால் காய்க்கு விலை கிடைக்கவில்லை. பாதி மூட்டையோடு, காற்றே இல்லாத சக்கரத்தை ஐந்து கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு, விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வந்தார். ரிம் நசுங்கக்கூடாது என்று பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடியே நடந்திருக்கிறார். வலது உள்ளங்கையில் கேரியர்க் கம்பியின் தடம் சிவந்து பதிந்திருந்தது. அன்றிரவு அவர் யாரோடும் பேசவில்லை. விடியட்டும், உன் அப்பன் இந்தச் சைக்கிளைக் கொண்டுபோய்க் கடையிலேயே நிறுத்திவிடட்டும் என்று அப்பத்தா சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

விடிந்ததும் அம்மா செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கரண்டிகளின் காம்பை நெம்புகோலாக்கி டயரின் ஒரு விளிம்பைக் கழற்றி, டியூபை உருவி எடுத்தார். காற்றடித்து மாட்டுத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கினார். பழைய ஒட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி, குண்டூசித் தலையளவு குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. ஒட்டுக்கு இவ்வளவு அருகிலேயே இன்னோர் ஓட்டை எப்படி வரும்? அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதுதான் அம்மாவின் படிப்பு என்று நான் நினைக்கிறேன். டியூபை டயரின் மேல் பழையபடியே வளையமாகப் பரப்பி, வால்டியூப் இருக்கும் இடத்தை ரிம்மின் துளையோடு பொருத்தி, ஓட்டைக்கு நேரே டயரில் எந்த இடம் வருகிறது என்று பார்த்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே கையை விட்டு ஆட்காட்டி விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தவர் “ஸ்…” என்று கையை எடுத்தார். விரல் நுனியில் கடுகளவு ரத்தம் துளிர்த்தது. சீமைக் கருவேல முள் ஒன்று, வெளிப்பக்கம் மழுங்கத் தேய்ந்து, உள்பக்கம் அரிசி முனையளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் டியூபை ஒட்டியிருந்தார். டயருக்குள் விரலை விட்டுப் பார்க்கவில்லை.

அம்மா அந்த முள்ளைப் பல்லால் கடித்து இழுத்து எடுத்தார். எழுந்து போய் அப்பத்தாவின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார். “இந்தாங்க, இதுதான் அந்த ராசி” என்றார்.

உங்கள் இரண்டாவது பஞ்சரும் இதுவேதான், வி. குழுவில் இருந்தவர் நல்ல மனதோடு புது டியூபைப் போட்டிருக்கிறார். அவரும் விரலை விடவில்லை. முதல் டியூபைக் குத்தியது டயரிலேயே காத்திருந்து இரண்டாவதையும் குத்தியிருக்கிறது. அது முள்ளாக இருக்கலாம். அப்படிப்பட்ட சாலைகளில் பெரும்பாலும் அது லாரி டயர் வெடித்துச் சிதறும்போது உதிர்கிற, தலைமுடி கனத்தில் உள்ள எஃகுக் கம்பியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கு மட்டும்தான் தெரியும். விரலைக் கிழித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு துணித்துண்டை வைத்துத் தடவலாம். கம்பி இருந்தால் நூல் மாட்டும். துரதிர்ஷ்டம் இரண்டு முறை வந்தது என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். வந்தது ஒரே ஒரு கம்பி. இதை நான் நீட்டிக்கொண்டே போவதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு காரணத்தைத் தேடாமல் விடுகிற இடத்தில்தான் ராசி வந்து உட்காருகிறது. அப்படி உட்கார்ந்துவிட்டால் அது சைக்கிளோடு நிற்பதில்லை. கணக்குப் பாடம், வேலை, திருமணம், பிள்ளைப்பேறு என்று ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதற்கும் அதையே பதிலாகச் சொல்லிவிடுவார்கள்.

பிரான்சின் நாடு தழுவிய சைக்கிள் பந்தயத்தில் ஓடிய யூஜின் கிறிஸ்தோஃப் என்பவரைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள். 1913ஆம் ஆண்டு பைரனீஸ் மலையில் டூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க் உடைந்தது. வெளியாள் உதவி கூடாது என்பது விதி. பத்து கிலோமீட்டருக்கும் மேல் சைக்கிளைச் சுமந்து நடந்து, மலையடிவாரத்துக் கிராமத்தில் ஒரு கொல்லன் உலையைக் கண்டுபிடித்து, பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று கண்காணிக்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைப் பற்றவைத்தார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதிக் கொடுத்தான் என்பதற்காக அதிகாரிகள் அவருக்கு நேரத் தண்டனை விதித்தார்கள். 1919இல் அவர் முன்னணியில் இருந்தபோது மறுபடி ஃபோர்க் உடைந்தது. 1922இல் ஆல்ப்ஸ் மலையில் மூன்றாம் முறை. அந்தப் பந்தயத்தை அவர் ஒருமுறையும் வெல்லவில்லை. ராசியற்றவர் என்று ஊர் சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் முன்னணி வீரருக்கான மஞ்சள் சட்டையை வரலாற்றில் முதலில் அணிந்தவர் என்று 1919ஆம் ஆண்டுக்கு நேரே அவர் பெயர்தான் இருக்கிறது. 1913இல் உலையை விட்டு எழுந்தவர் மேலும் இரண்டு மலைகளை ஏறி அன்றைய ஓட்டத்தை முடித்தார். ஒட்டுமொத்தப் பட்டியலில் ஏழாவதாக வந்தார்.

நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சைக்கிளை விற்க வேண்டாம். நேரான கைப்பிடியில் எந்தத் தவறும் இல்லை, ஆனால் அதிலும் டயர் இருக்கிறது. பெடலை மட்டும் மூன்று மாதத்துக்குச் சாதாரணப் பெடலாக மாற்றிக்கொள்ளுங்கள். வயதைப் பற்றிக் கேட்டதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை எங்கும் போக வேண்டாம். கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, பின்சக்கரத்தைக் கழற்றி, டயரை எடுத்து, டியூபை வெளியே உருவி, மறுபடி மாட்டிக் காற்றடியுங்கள். முதல் முறை ஒரு மணி நேரம் ஆகும், நகக்கண் வலிக்கும். மூன்றாம் முறை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அம்மாவைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுத் தனியே கிளம்பி, கோவளம் தாண்டி அந்தப் பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் போங்கள். அன்று டயரிலிருந்து பிடுங்கிப் போட்டது என்ன என்று கடைக்காரரிடம் கேட்டு, எனக்கு எழுதுங்கள்.