கன்னத்தில் முளைத்த இரும்பு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மனிதன் ஈயாக மாறும் 'தி ஃப்ளை' படம் பார்த்து ஒரு வாரம் தூக்கம் போயிற்று. ஆனாலும் மனம் இன்னும் கேட்கிறது. அதே அருவருப்பு வேண்டும். நடப்பது கனவா நனவா என்றும் பிடிபடக் கூடாது. எதில் தொடங்கலாம்? (வேலந்தாவளம்)

பதில்: உங்களைத் தூங்கவிடாதது கடைசியில் வரும் ஈ உருவமா, முதலில் முதுகில் முளைக்கும் அந்த முரட்டு முடிகளா? காதலி கத்தரிக்கோலால் நறுக்குகிறாளே, எனக்கு அங்கேதான் வயிற்றைப் பிரட்டியது. இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க் அதற்கு மூன்றாண்டு முன்னால் எடுத்த 'வீடியோட்ரோம்' (1983) உங்களுக்குச் சரியாக இருக்கும். சிறிய டிவி நிலையம் நடத்தும் ஒருவனின் வயிறு பிளந்து, அதற்குள் வீடியோ கேசட்டைச் சொருகுகிறார்கள். மயக்கம் எந்தக் காட்சியில் தொடங்கியது என்று பின்னோக்கித் தேடினால் எல்லைக்கோடு கிடைக்காது.

அதையும் தாங்கிவிட்டால் 'பொசெஷன்' (1981). மேற்கு பெர்லினில், சுவரை ஒட்டிய வீட்டில் பிரிந்துகொண்டிருக்கும் கணவன் மனைவியின் கதை. சுரங்கப்பாதையில் பாலும் முட்டையும் இருக்கும் பையைச் சுவரில் அடித்துச் சிதறவிட்டு, இசபெல் அஜானி உடம்பு முழுதும் உதறித் துடிக்கும் காட்சிக்கு முன்னால் மற்ற பேய்ப்படங்கள் எல்லாம் பிள்ளை விளையாட்டு. கான் விழாவில் அவருக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்தது. குடும்ப நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடுவது நல்லது.

கேள்வி: 'எரேசர்ஹெட்' இரண்டு முறை பாதியில் நிறுத்திவிட்டேன். ஒன்றும் புரியவில்லை. குறை என்னிடமா? (மீனாட்சிபுரம்)

பதில்: கதையைத் தேடியதுதான் குறை. டேவிட் லிஞ்ச் கையில் காசில்லாமல் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் எடுத்து 1977இல் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. அதை முதலில் காதால் பார்க்க வேண்டும். தொடக்கம் முதல் கடைசிவரை அடியில் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். படத்தில் அழுதுகொண்டே இருக்கும் உருக்குலைந்த குழந்தையைவிட அதுதான் நம்மை அரிக்கும். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் மாடி அறையில் முதன்முதலில் பார்த்தபோது, பொறுக்க முடியாமல் படத்தை நிறுத்தினேன். இரைச்சல் நிற்கவில்லை! வியர்த்துப்போய் ஜன்னலைத் திறந்தால், பக்கத்து மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. இரவில் ஹெட்போன் போட்டுக்கொண்டு மூன்றாம் முறை முயலுங்கள்.

கேள்வி: பழைய படங்களின் ரப்பர் சதை இன்றைய கிராஃபிக்ஸைவிட ஏன் அதிகம் பயமுறுத்துகிறது? (கோவிந்தாபுரம்)

பதில்: நடிகர் அதைத் தொடுகிறார், அதுவும் வழுக்குகிறது, வேறு ரகசியம் இல்லை. வேற்றுக்கிரக உயிர் ஒன்று மனித உருவெடுக்கும் 'தி திங்' (1982) படத்துக்கு ஒப்பனை உருவங்களைச் செய்த ராப் பாட்டீனுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. மயோனைஸ், சோள விழுது, சூடாக்கிய பபுள்கம் என்று சமையலறைச் சாமான்களையெல்லாம் சதைக்குள் கலந்தார். மருத்துவர் நோயாளியின் மார்பை அழுத்தும்போது மார்பே வாயாகத் திறந்து அவர் கைகளைக் கவ்வுமே, அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் இரு கைகளையும் இழந்த ஒருவரை மருத்துவராக நிறுத்திப் போலிக் கைகளைப் பொருத்தினார்கள். 'ஜேக்கப்ஸ் லேடர்' (1990) படத்தில் அடையாளம் தெரியாமல் அதிரும் தலைகளுக்குச் செலவு இன்னும் குறைவு. கேமராவை நொடிக்கு நான்கு ஃபிரேம் வேகத்தில் ஓட்டி, நடிகரைத் தலையை ஆட்டச் சொன்னார்கள். திரையில் வழக்கமான வேகத்தில் ஓடும்போது அது மனிதத் தலையாகவே இல்லை.

கேள்வி: மகன் 'டெட்சுவோ' பார்க்க வேண்டும் என்கிறான். அவனுக்குச் சிறுவயதில் வலிப்பு வந்திருக்கிறது. (கொழிஞ்சாம்பாறை)

பதில்: வேண்டாம் அம்மா. மருத்துவரைக் கேட்காமல் காட்டவே வேண்டாம். சவரம் செய்யும் ஓர் அலுவலக ஊழியனின் கன்னத்தில் இரும்பு முள் தட்டுப்படுவதில் தொடங்கி, அவன் முழுக்க உலோகமாகிவிடும் அந்த ஜப்பானியப் படம் (1989) ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் வெட்டி வெட்டித் துடிக்கும் காட்சிகள் கண்ணில் அறைந்துகொண்டே இருக்கும். ஒளித்துடிப்பு சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

கேள்வி: நம் பக்கத்தில் இப்படி எதுவும் இல்லையா? எல்லாம் வெள்ளைக்காரர் சரக்குதானா? (வாளையார்)

பதில்: கேரள-தமிழக எல்லையான வாளையாரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மலையாளி ஒருவர் மதியத் தூக்கம் கலைந்து, பஸ்ஸை நிறுத்தி இறங்கி, சோளக்காட்டு வழியே ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நுழைந்து, அங்கே காணாமல்போன சுந்தரம் என்பவராகவே மாறித் தமிழ் பேசுகிறாரே, 'நண்பகல் நேரத்து மயக்கம்'. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. ஆனால் வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் பேசுகிற நமக்கு அதைவிடக் கூசும் உடல் மாற்றம் ஏது? அதை இயக்கிய லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'சுருளி'யில் ஆட்டம் காணும் மரப்பாலத்தை ஜீப் தாண்டியதும், அதுவரை பணிவாகப் பேசியவர்கள் எல்லாரும் வசைபாடத் தொடங்குவார்கள். அங்கேயே நமக்கும் வழி தவறிவிடும்.

சினிமாவுக்கு வெளியே கேட்டால், கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடுகின்றன: முரசு உரல், யானைத் தந்தம் உலக்கை, பற்கள் அரிசி. காரைக்கால் அம்மையாரோ திருவாலங்காட்டுப் பேயை "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" (மார்பு வற்றி, நரம்பு புடைத்து) என்று உறுப்பு உறுப்பாக வரைகிறார். அவர் தானே கேட்டு வாங்கிய வடிவமும் பேய் வடிவம்தான். தசையின் அழகையெல்லாம் அவர் 'உதறி' எலும்புடம்பானார் என்கிறார் சேக்கிழார். துண்டை உதறித் தோளில் போடுகிற அதே சொல். ரப்பரும் பபுள்கம்மும் வைத்துக்கொண்டு இத்தனை பாடுபடும் படங்களில் அவ்வளவு சாதாரணமாகச் சதையைக் கழற்றிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.