ஜாவாவில் ஸ்ட்ரிங்கை டோக்கன்களாக (துண்டுகளாக) பிரிக்க எது சரி: ஸ்பிளிட்டா, ஸ்ட்ரிங்டோக்கனைசரா?

கேள்வி இதுதான்: ஃபைலில் ஒவ்வொரு வரியும் | குறியால் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஸ்பிளிட் போட்டால் எழுத்தெழுத்தாக உதிர்கிறது. அதைச் சரிசெய்த பிறகும் சில வரிகளில் கடைசிப் புலங்கள் காணாமல் போகின்றன. பேசாமல் ஸ்ட்ரிங்டோக்கனைசருக்கு மாறிவிடலாமா?

மாறாதீர்கள். இப்போது இருக்கிற தொல்லை கண்ணுக்குத் தெரிகிறது. மாறினால் அதுவும் தெரியாமல் போய்விடும்.

முதலில் அந்த எழுத்தெழுத்தாக உதிரும் விஷயம். ஸ்பிளிட்டுக்கு நீங்கள் கொடுப்பது வெறும் குறி இல்லை, அது ஒரு ரெகெக்ஸ், அதாவது எப்படிப்பட்ட எழுத்துகளைத் தேட வேண்டும் என்று சொல்லும் வடிவம். ரெகெக்ஸில் | என்றால் "இது அல்லது அது". இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லாததால் "வெறுமை அல்லது வெறுமை" என்று ஆகிறது, வெறுமை எல்லா எழுத்துக்கு நடுவிலும் பொருந்தும். அதனால் "\\|" என்று எழுதுங்கள். எந்தக் குறிக்கு எதைப் போட வேண்டும் என்று நினைவில் வைக்கப் பிடிக்காவிட்டால் பேட்டர்ன் கிளாஸில் உள்ள கோட் (quote) மெத்தடிடம் கொடுத்துவிடலாம். புள்ளியை வைத்துப் பிரித்தாலும் இதே கதைதான்: புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும், கையில் கிடைப்பது காலி அரே.

அடுத்தது காணாமல் போகும் புலங்கள். "ரவி|25||" என்ற வரியில் நான்கு புலங்கள், கடைசி இரண்டும் காலி. ஸ்பிளிட் தருவது இரண்டே டோக்கன். கடைசியில் வரிசையாக வரும் காலி டோக்கன்களை அது தானாகவே கழித்துவிடும். முதலிலோ நடுவிலோ இருந்தால் கழிக்காது. இரண்டாவது அர்கியூமென்டாக -1 கொடுங்கள், நான்கும் வரும். ஃபைலிலிருந்து வரும் தரவு என்றால் இந்த -1 இல்லாமல் நான் ஸ்பிளிட் எழுதுவதே இல்லை. விசித்திரம் என்னவென்றால், -1 இல்லாமல் வெறும் "|" மட்டும் உள்ள வரியைப் பிரித்தால் நீளம் 0. ஒன்றுமே இல்லாத காலி ஸ்ட்ரிங்கைப் பிரித்தால் நீளம் 1, உள்ளே ஒரு காலி டோக்கன். இதை நேர்முகத் தேர்வில் கேட்பவர்கள் கொஞ்சம் கெட்டவர்கள்.

சரி, ஸ்ட்ரிங்டோக்கனைசர் ஏன் வேண்டாம்? "ரவி||ஆசிரியர்" என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வயது விடுபட்டிருக்கிறது. ஸ்பிளிட் மூன்று டோக்கன் தரும், நடுவிலுள்ளது காலி. ஸ்ட்ரிங்டோக்கனைசர் அடுத்தடுத்து வரும் டெலிமிட்டர்களை (பிரிக்கும் குறிகளை) ஒன்றாக விழுங்கிவிட்டு இரண்டே தரும். ஆக, வயது இருக்க வேண்டிய இடத்தில் "ஆசிரியர்" வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் புலத்தை எண்ணாக மாற்றினால் எர்ரர் வரும், பிழைத்தீர்கள். வெறும் ஸ்ட்ரிங்காகவே சேமித்தால் யாருக்கும் தெரியாது. இன்னொரு பொறியும் உண்டு. டெலிமிட்டராக "->" கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் பிரிக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது - வந்தாலும் பிரிக்கும், > வந்தாலும் பிரிக்கும். பழைய புரோகிராம்கள் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த கிளாஸை வைத்திருக்கிறோம், புதிய கோடில் தவிருங்கள் என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.

வேகத்துக்காக அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. கமா மாதிரி ஒற்றைச் சாதாரண குறிக்கு ஸ்பிளிட் ரெகெக்ஸ் இயந்திரத்தைத் தொடாமலே வேலையை முடித்துவிடும். சிக்கலான ரெகெக்ஸ் லூப்புக்குள் ஓடுகிறது என்றால் பேட்டர்னை வெளியே ஒரு முறை கம்பைல் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தரவில் தமிழ் இருந்தால், அதுவும் சொற்களாகப் பிரிக்க வேண்டியிருந்தால், இன்னும் ஒன்று கவனிக்க வேண்டும். ஆங்கில உதாரணங்களில் வரும் "சொல் எழுத்து அல்லாதவை" என்ற ரெகெக்ஸ் ("\\W+") ஜாவாவில் இயல்பாக ஆஸ்கி எழுத்துகளை, அதாவது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல் எழுத்தாகப் பார்க்கும். முழுத் தமிழ் வாக்கியத்தை அதனால் பிரித்தால் காலி அரேதான் மிஞ்சும். சரி, யூனிகோடில் "எழுத்து" என்ற வகையைச் சேராத இடங்களில் எல்லாம் வெட்டு என்று மாற்றினால், "தமிழ்" என்ற சொல் "தம", "ழ" என்று இரண்டாகிவிடும். காரணம், இகரக் குறியும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, அவை "மார்க்" வகை. எழுத்து, மார்க் இரண்டையும் சேர்த்து அனுமதித்து, மற்றவற்றில் வெட்டுங்கள். அல்லது ரெகெக்ஸுக்கு யூனிகோட் கேரக்டர் கிளாஸ் என்ற ஃபிளாகைப் போடுங்கள்.

அப்புறம், இந்த ஃபைலில் மேற்கோள் குறிக்குள்ளே | வர வாய்ப்பு உண்டா என்று அனுப்புகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் ஸ்பிளிட்டும் வேண்டாம், ரெகெக்ஸோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். இப்படிக் குறியால் பிரித்த ஃபைல்களைப் படிப்பதற்கென்றே உள்ள அப்பாச்சி காமன்ஸ் சிஎஸ்வி மாதிரி ஒரு லைப்ரரியை எடுத்து, டெலிமிட்டரை | என்று மாற்றினால் போதும்.