சார்ஜ் போடக் கூட்டு, லாரி விற்கப் போட்டி

கேள்வி: ஐரோப்பாவில் மெர்சிடிஸ், வால்வோ, ஸ்கேனியா மூவரும் சேர்ந்து சார்ஜிங் நிலையம் போடுகிறார்களாமே. போட்டியாளர்கள் எப்படிக் கூட்டாளி ஆனார்கள்?
– வாசகர், நாமக்கல்

பதில்: டீசல் காலத்தில் பங்க் வைப்பது லாரி கம்பெனியின் வேலையே இல்லை. மின் லாரிக்கு அந்த வசதி தயாராக இல்லை. சார்ஜிங் நிலையம் இல்லாமல் லாரி விற்காது. லாரி ஓடாமல் நிலையம் போட யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் டைம்லர் டிரக் (மெர்சிடிஸ் லாரி இதனுடையது), வால்வோ குழுமம், டிராட்டன் (ஸ்கேனியா, எம்.ஏ.என். இதன் கையில்) மூன்றும் 2022ல் 'மிலென்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கின. முதலீடு 50 கோடி யூரோ, இலக்கு 1,700 சார்ஜிங் முனைகள். எந்த பிராண்ட் லாரியும் உள்ளே வரலாம்.

இந்தக் கூட்டு நெடுஞ்சாலையோடு சரி. லாரி உரிமையாளரின் ஷெட்டுக்குள் வந்துவிட்டால் அவரவர் கடை தனி: டைம்லருக்கு 'டிரக்சார்ஜ்', ஸ்கேனியாவுக்கு 'எரினியன்', வால்வோவுக்கு 'வால்வோ எனர்ஜி'. ஷெட்டில் சார்ஜரை மாட்டியவரிடம்தான் அடுத்த லாரிக்கும் ஆர்டர் போகும் என்பது கணக்கு. தப்புக் கணக்கு இல்லை.

கேள்வி: 400 கிலோவாட் சார்ஜர் போதாதா? மெகாவாட் எதற்கு?
– வாசகர், சங்ககிரி

பதில்: ஐரோப்பிய விதிப்படி நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். மணிக்கு 80 கி.மீ. என்றால் அதற்குள் 360 கி.மீ. ஓடியிருக்கும், பாரம் ஏற்றிய லாரி 400 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) மேல் தின்றிருக்கும். 400 கிலோவாட் சார்ஜர் முக்கால் மணியில் தருவது 300தான். மீதிக்காக டிரைவர் காத்திருந்தால் டிரிப் போச்சு. மெகாவாட் (1,000 கிலோவாட்) சார்ஜிங் முறையின் உச்சவரம்பு 1,250 வோல்ட், 3,000 ஆம்பியர், அதாவது 3.75 மெகாவாட். 621 கிலோவாட் மணி பேட்டரி உள்ள மெர்சிடிஸ் மின் லாரி ஈஆக்ட்ரோஸ் 600, ஒரு மெகாவாட்டில் 20லிருந்து 80 விழுக்காட்டுக்கு அரை மணி நேரத்தில் ஏறிவிடும்.

கேள்வி: நிலையத்திலேயே பெரிய பேட்டரி வைக்கிறார்களே, அது வீண் செலவு இல்லையா?
– வாசகர், ஓசூர்

பதில்: லைன் கிடைக்கிற இடத்தில் வீண்தான். கிடைக்காத இடத்தில் அதுதான் வழி. 400 கிலோவாட் முனை நான்கு, ஆனால் சாங்ஷன் லோடு (லைனில் எடுக்க அனுமதித்த அளவு) 600 கிலோவாட் மட்டுமே என்று வையுங்கள். நான்கு லாரி ஒன்றாக நின்றால் பற்றாக்குறை 1,000 கிலோவாட். முக்கால் மணிக்கு அது 750 கிலோவாட் மணி. மாற்றும்போது ஆகும் இழப்புக்கும், அடிமட்டம் வரை வடிக்கக் கூடாது என்பதற்கும் சேர்த்து 1,000 கிலோவாட் மணி பேட்டரி வேண்டும்.

பலர் சறுக்குவது இன்வெர்ட்டரில். கொள்ளளவைப் பார்த்துப் பேட்டரியை வாங்கிவிட்டு, விலை குறைவு என்று 500 கிலோவாட் இன்வெர்ட்டரைப் பொருத்துவார்கள். குடம் பெரிது, வாய் சிறிது. லைனின் 600, இதன் 500 சேர்த்து நான்காகப் பிரித்தால், லாரிக்கு 400 வராது, 275தான் வரும்.

இன்னொன்று, காலியான பேட்டரியை 600 கிலோவாட்டில் நிரப்ப ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த நான்கு லாரி வந்தால் ஆளுக்கு 150 கிலோவாட்தான். முக்கால் மணி வேலை இரண்டு மணி நேரமாகும். எனவே பேட்டரி வாங்குவதற்கு முன், ஒரு நாளில் எத்தனை லாரி வருகிறது என்று எண்ணாதீர்கள். அடுத்தடுத்து எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள்.

கேள்வி: லாரியில் ஓடித் தேய்ந்த பேட்டரியை இதற்குப் பயன்படுத்தலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: பயன்படுத்தலாம். ஆனால் வரிசையாக இணைத்த செல்களில் மிகவும் தேய்ந்த ஒன்று எவ்வளவு தருமோ, அதோடு அந்த வரிசை முழுதும் நின்றுவிடும். வெவ்வேறு லாரியில் ஓடியவற்றைக் கலந்தால் இந்தச் சிக்கல் சீக்கிரமே தலைகாட்டும். எந்தப் பேட்டரி எவ்வளவு சூட்டில், எத்தனை முறை வடிந்தது என்ற பதிவு லாரி கம்பெனியின் கணினியில் இருக்கிறது. வெளியாள் ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் பிரிக்க வேண்டும். பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று லாரி விற்கும்போதே கம்பெனி ஒப்பந்தம் கேட்டால், காரணம் இதுதான். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பதிவின் நகல் உங்களுக்கும் உண்டா என்று கேளுங்கள்.