'பூர்லி' என்றால் எவ்வளவு பூர்லி? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் தங்கைக்கு

தங்கச்சி, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் கேட்பதற்கும் பேசுவதற்கும் 7 வாங்கிவிட்டு வந்தும் வார்டில் வயதானவர்கள் பேசுவது பாதிதான் புரிகிறது, போன் அடித்தால் கை நடுங்குகிறது, எந்தப் புத்தகம் வாங்கிப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். நான் மதுரையில் படித்து, அங்கேயே நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு 2003-ல் நாட்டிங்ஹாம் வந்தவள். இங்கிலீஷ் தெரிந்துதான் வந்தேன், இந்த ஊர்க்காரர்களைத்தான் தெரியவில்லை.

வந்த முதல் மாதம், எண்பது தாண்டிய ஒரு பாட்டி மெல்லிய குரலில் 'ஐ நீட் டு ஸ்பெண்ட் அ பென்னி, டக்' என்றார். காசு கேட்கிறார் என்று நினைத்து லாக்கரைத் திறந்து அவருடைய பர்ஸைத் தேடினேன். அவர் திரும்பத் திரும்பச் சொல்ல, நான் திரும்பத் திரும்பத் தேட, அதற்குள் படுக்கை நனைந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. பொதுக் கழிப்பறைக் கதவைத் திறக்க ஒரு பென்னி காசு போட வேண்டியிருந்த காலத்துப் பேச்சு அது. 1971-ல் அந்தப் பழைய பென்னியே போய்விட்டது, ஆனால் அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் வாயில் பேச்சு மட்டும் நிற்கிறது.

நம்மிடமும் இதே கதைதானே. 'ஒண்ணுக்குப் போகணும்' என்று ஒரு தாத்தா சொன்னால், அகராதியோடு வந்திருக்கும் வெள்ளைக்கார நர்ஸுக்கு என்ன கிடைக்கும்? 'பெரியவர் தவறிட்டார்' என்றால் என்ன, 'மருமகள் முழுகாம இருக்கா' என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அம்மாவும் அத்தையும் குரலைத் தாழ்த்திப் பேசியதைக் கேட்டு, அப்புறம் யார் எங்கே கிளம்பினார்கள், யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அதனால் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தைக்குப் பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதாதீர்கள். எப்படிப்பட்டவர் சொன்னார், என்ன நேரம், சொன்ன கையோடு மற்றவர்கள் என்ன செய்தார்கள், இந்த மூன்றையும் எழுதுங்கள் (நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ எழுதக் கூடாது, அந்த நோட்டு பஸ்ஸில் தொலைந்தாலும் யாரையும் அடையாளம் காட்டக் கூடாது). மூன்று பேர் வாயிலிருந்து கேட்ட பிறகு நீங்கள் அதைச் சொல்லிப் பாருங்கள்.

'பூர்லி' என்ற வார்த்தையிலிருந்து ஆரம்பியுங்கள். உடம்பு சரியில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான் அகராதியில் இருக்கும். நோயாளி தன்னைப் பற்றி 'ஃபீலிங் அ பிட் பூர்லி' என்றால் கொஞ்சம் சுகமில்லை, போய்ப் பாருங்கள். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டோவரில் ஒரு சீனியர் நர்ஸ் குரலை இறக்கி 'ஷீ இஸ் வெரி பூர்லி' என்றாலோ அது வேறு. அந்த அம்மா பிழைப்பதே கஷ்டம் என்கிறார். கன்சல்டன்ட் என்கிற மூத்த டாக்டர் ஒருவர் உறவினர்களைத் தனி அறைக்குக் கூட்டிப் போய், உட்காரவைத்து இதே வார்த்தையைச் சொன்னால், வீட்டில் மற்றவர்களையும் வரச் சொல்லுங்கள் என்று அர்த்தம். இவ்வளவு லேசான ஒரு வார்த்தையில் அவ்வளவு பெரிய செய்தியைச் சொல்வார்கள் என்று எனக்கு நாலைந்து மாதம் புரியவில்லை. சொல்கிறவர் யார், கதவு சாத்தியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது.

'பாஸ்' என்ற வினையும் அப்படித்தான். 'பாஸ்ட் வாட்டர்' என்றால் சிறுநீர் கழித்தார், 'பாஸ்ட் அவே' என்றால் இறந்துபோனார், 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்தார். நாம் 'பாஸ்டு அவுட் இன் 2020' என்று படிப்பு முடித்ததைச் சொல்வோம், இங்கே அப்படிச் சொல்லாதீர்கள். அதைவிட முக்கியம் 'டவுட்'. டாக்டரிடம் போய் 'ஐ ஹேவ் அ டவுட் அபௌட் திஸ் டோஸ்' என்றால் டோஸ் தப்பென்று நீங்கள் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார். விவரம் கேட்க மட்டும் வேண்டுமென்றால் 'கேன் ஐ ஜஸ்ட் செக்' என்று ஆரம்பியுங்கள். நிஜமாகவே தப்பென்று பட்டால் தயங்காமல் நேராகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு வார்த்தைகளில் ரொம்பக் கவனம் வேண்டும். இந்தப் பக்கத்து வயதானவர்கள் பலருக்கு 'டின்னர்' மத்தியானச் சாப்பாடு, 'டீ' என்பது சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் சாப்பிடும் சாப்பாடு. சர்க்கரை நோயாளி ஒருவர் 'வீட்டில் டின்னருக்கு முன்னாடிதான் இன்சுலின் போடுவேன்' என்றால் ராத்திரி என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள், கடிகார மணியைக் கேட்டு எழுதுங்கள். 'ஹாஃப் செவன்' என்று பதில் வந்தால் ஏழரை.

வார்டுக்குப் பொறுப்பான சீனியர் நர்ஸ், அதாவது வார்டு சிஸ்டர், 'யூ மைட் வாண்ட் டு செக் தட் டிரிப்' என்றால் அது யோசனை மாதிரித்தான் கேட்கும். உத்தரவு அது, உடனே போங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல், சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று பெயர் வாங்கிய நல்ல நர்ஸுகளை நான் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உள்ளூர் வார்த்தைகள் தானாக வந்துவிடும். 'டக்' என்றால் இங்கே கண்ணு, ராசா என்கிற மாதிரி. 'காப்' என்பது ரொட்டி பன், 'மார்டி' என்றால் முறுக்கிக்கொண்டு இருப்பது, 'நெஷ்' என்றால் சின்னக் குளிரும் தாங்காதவர். தெரியாததைக் கேட்டால் வயதானவர்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள், நாள் முழுக்கப் படுத்திருப்பவர்களுக்கு அது ஒரு நல்ல பொழுது.

போன் கஷ்டமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முகம் தெரியாது, கை தெரியாது, வார்த்தை மட்டும்தான் வரும். அதனால் லேபிலிருந்து வரும் போன்களில் முதலில் பழகுங்கள். யாருடைய ரத்தம், எந்த டெஸ்ட், எவ்வளவு என்பதைத்தான் சொல்லப்போகிறார்கள் என்று முன்னாடியே உங்களுக்குத் தெரியும். 'பேர் வித் மீ' (கொஞ்சம் பொறுங்கள்) என்று சொல்லிவிட்டு நிதானமாகப் பேனாவை எடுங்கள், எழுதியதை அவர்களுக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள். எண்களில் ஜீரோவை 'ஓ' என்பார்கள். உறவினர்களின் போனை முதல் சில வாரம் சீனியரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே நில்லுங்கள். 'அம்மா எப்படி இருக்கிறார்' என்று மகன் கேட்டால் சீனியர் 'கம்ஃபர்டபிள்' என்கிறாரா, 'அ லிட்டில் பிரைட்டர்' என்கிறாரா, 'யூ மைட் வாண்ட் டு கம் இன்' என்கிறாரா என்று கேளுங்கள், சொல்லும்போது அவர் முகத்தையும் பாருங்கள்.