மடித்த தாளும் கணக்கும்: கேள்வி பதில்

எந்தத் தாளையும் 7 முறைக்கு மேல் மடிக்க முடியாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. பிரிட்னி காலிவன் என்ற பள்ளி மாணவி 2002இல் நீளமான தாள் சுருள் ஒன்றை 12 முறை மடித்துக் காட்டினார். ஒரே திசையில் பாதி பாதியாக மடிக்க எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு வாய்பாடும் தந்தார்: π × தடிமன் ÷ 6 × (2ⁿ + 4) × (2ⁿ − 1). 0.1 மி.மீ. தாளுக்குப் போட்டுப் பாருங்கள். 6 மடிப்புக்கு 22 செ.மீ. போதும், 7க்கு 88 செ.மீ., 8க்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர். ஏ4 தாள் 6 மடிப்போடு நின்றுவிடுவது இதனால்தான். ஒவ்வொரு மடிப்பின் வளைவும் கொஞ்சம் நீளத்தை விழுங்குகிறது.

நானே வரைந்த மடிப்புக்கோட்டுப் படம் தட்டையாக மடிய மறுக்கிறது. ஒரு புள்ளியில் 4 கோடுகள் சந்திக்கின்றன, கோணங்கள் வரிசையாக 100, 80, 90, 90. எங்கே தவறு, சார்?

கோணத்தில்தான். தட்டையாக மடிய வேண்டுமானால் ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டிய கோணங்கள் 180 பாகை வர வேண்டும். இது கவசாக்கி தேற்றம். உங்களுடையது 190, 170. மிச்சமாகும் 10 பாகைதான் புடைத்துக்கொண்டு நிற்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் போகாது. 100, 80, 80, 100 என்று மாற்றுங்கள்.

அடுத்து மேக்காவா தேற்றம்: மேடாக மடிபவற்றுக்கும் பள்ளமாக மடிபவற்றுக்கும் வித்தியாசம் எப்போதும் 2. அதாவது 4 கோடுகளில் மூன்று ஒரு வகை, ஒன்று மற்ற வகை. இங்கே தனித்து நிற்பது இரண்டு 80களுக்கு நடுவில் உள்ள கோடாக இருக்கலாம், அல்லது 80க்கும் 100க்கும் நடுவில் உள்ள இரண்டில் ஒன்றாக இருக்கலாம். 100களுக்கு நடுவில் உள்ளதைத் தனியாக்கினால் தாள் தட்டையாக மடியாது.

இவை ஒரு புள்ளிக்கான விதிகள். எல்லாப் புள்ளிகளும் தேறினாலும் முழுத் தாள் தன்மேலேயே முட்டிக்கொள்ளலாம். எந்தப் படத்துக்கும் அதை முன்கூட்டியே சொல்லிவிடும் வேகமான பொதுவழி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அது கணினிக்கும் கடினமான வகைக் கணக்கு என்று பெர்னும் ஹேய்ஸும் 1996இல் நிரூபித்தார்கள்.

தாளின் ஒரு விளிம்பைச் சரியாக மூன்றாகப் பிரிக்க, அளவுகோல் இல்லாமல்?

முதலில் தாள் சதுரம்தானா என்று பாருங்கள். மூலைகள் செங்கோணமாக இருந்தால், இரண்டு மூலைவிட்டங்களிலும் மடித்து விளிம்புகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும். பிறகு மேல் விளிம்பின் நடுவைக் குறித்து, வலது கீழ் மூலையை அந்த நடுப்புள்ளியில் வைத்து மடியுங்கள். கீழ் விளிம்பு இப்போது சாய்ந்து இடது விளிம்பை வெட்டும். அந்த இடம் கீழிருந்து சரியாக மூன்றில் ஒன்று. மடித்தபின் மேலே வலப்பக்கம் கிடைக்கும் முக்கோணத்தின் பக்கங்கள் 3 : 4 : 5. இது ஹாகா தேற்றம்.

கோணத்தை மூன்றாகப் பிரிக்க முடியாது என்று நிரூபித்தாகிவிட்டது. ஓரிகாமியில், அதாவது தாள் மடிப்புக் கலையில், முடியும் என்பது ஏமாற்று.

வான்ட்செல் 1837இல் நிரூபித்தது குறியில்லாத அளவுகோலுக்கும் கவராயத்துக்கும் மட்டும். அந்த இரண்டும் இருபடிச் சமன்பாட்டைத் தாண்டாது. மடிப்பால் ஒரே நேரத்தில் இரண்டு புள்ளிகளை இரண்டு கோடுகளின் மேல் வைக்கலாம், அது முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கிறது. மார்கெரிட்டா பெலோக் 1936இலேயே காட்டிவிட்டார்.

அபேயின் முறையைச் செய்து பாருங்கள். இடது கீழ் மூலையிலிருந்து ஒரு சாய்கோடு. அதற்கும் கீழ் விளிம்புக்கும் இடையே குறுங்கோணம். கீழ் விளிம்புக்கு இணையாக ஏதோ ஓர் உயரத்தில் ஒரு மடிப்பு, அதன் பாதி உயரத்தில் இன்னொன்று. இனி மூலை பாதி உயர மடிப்பின் மேலும், மேல் மடிப்பின் இடது முனை சாய்கோட்டின் மேலும் ஒரே சமயத்தில் விழும்படி மடியுங்கள். மூலை விழுந்த இடத்தைக் குறித்துப் பிரியுங்கள். மூலையிலிருந்து அந்தக் குறிக்குப் போடும் கோடு கீழ் விளிம்போடு செய்யும் கோணம் மூன்றில் ஒன்று.

(அதே நண்பர்) கண்ணால் பார்த்து நகர்த்தித்தானே பொருத்துகிறீர்கள்? அப்படியானால் தோராயம்தான்.

கவராயத்தின் முள்ளை எதைப் பார்த்து வைக்கிறீர்கள்? கை நடுக்கம் வேறு, முறையின் துல்லியம் வேறு. பொருந்தும் நிலை ஒன்று உண்டு, அந்த நிலையில் கோணம் சரியாக மூன்றில் ஒன்று. நிரூபணம் கேட்பது அவ்வளவுதான்.

(இன்னொருவர்) குறி போட்ட அளவுகோலை நகர்த்தி ஆர்க்கிமிடீஸும் செய்தாரே? அதுவும் செல்லுமா?

செல்லும். கருவியின் விதியை மாற்றினால் எல்லையும் மாறும். முதல் நண்பருக்கும் இதுதான் பதில். இதோடு இந்த வழக்கை முடித்துக்கொள்வோம்.

தாளை 7 முறைக்கு மேல்…

முதல் பதில்.

விண்கலங்களில் ஓரிகாமி எங்கே இருக்கிறது? ஜேம்ஸ் வெப்?

மியூரா மடிப்பில் தொடங்குங்கள். கோரியோ மியூரா வகுத்த இணைகர வலை, 1995இல் ஏவிய ஜப்பானிய விண்கலம் ஒன்றில் விரியும் பலகத்தில் சோதிக்கப்பட்டது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே அசைவில் விரியும். வெப் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் ஆடி 18 துண்டுகளால் ஆனது, இரண்டு ஓரங்களும் கீல்களில் மடிந்து போனது. மடிப்புதான், ஆனால் அதை ஓரிகாமி என்பது கொஞ்சம் தாராளம்.

3 மி.மீ. அட்டையில் மியூரா செய்தேன். பாதியில் இறுகிக்கொள்கிறது.

நல்ல கேள்வி. கணக்கில் தாளுக்குத் தடிமன் பூஜ்யம். உங்கள் அட்டைக்கு அப்படியில்லை. மேடு மடிப்பின் கீலை ஒரு முகத்திலும் பள்ளத்தின் கீலை மறு முகத்திலும் வைத்தால் விசிறி மடிப்பு வேலை செய்யும். நான்கு கீல்கள் சந்திக்கும் இடத்தில் அவற்றின் அச்சுகள் ஒரே புள்ளியில் சேராது, அதனால்தான் இறுகுகிறது. ஓரங்களைச் சாய்வாகச் சீவுவது ஒரு வழி. கீல்களை வெவ்வேறு உயரத்தில் வைத்தே தடித்த பலகைகளைச் சீராக மடிக்க முடியும் என்று சென், பெங், யூ மூவரும் 2015இல் காட்டினார்கள், அது இன்னொரு வழி.

வீட்டில் செய்ய எளிது துணி. அட்டைத் துண்டுகளை ஒரே துணியில் ஒட்டுங்கள். மடியும்போது துணி உள்ளே போகும் கோட்டில் இடைவெளி வேண்டாம். துணி வெளியே சுற்றி வரும் கோட்டில் தடிமனைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 6 மி.மீ., அதோடு 1 மி.மீ. தளர்ச்சி. நடுவே வேறு துண்டுகள் வந்து அமரும் கோட்டில் அவற்றின் தடிமனையும் கூட்டுங்கள். முதலில் 6 துண்டு மாதிரி ஒன்று செய்து பாருங்கள்.

டிஎன்ஏ ஓரிகாமி என்றால்?

பால் ராத்மண்ட் 2006இல் வெளியிட்ட முறை: நீண்ட ஒற்றை இழையைப் பல குட்டி இழைகள் அங்கங்கே பிடித்து வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. அதற்கு மேல் உயிர்வேதியியல் தெரிந்தவரைக் கேளுங்கள்.

மூன்றாகப் பிரித்தேன், ஒரு பாகம் 2 மி.மீ. பெரிதாக வருகிறது.

தாள் சதுரமா?

பார்க்கவில்லை.

பாருங்கள்.