வாழ்த்து அட்டை விற்க ஜிஎஸ்டி எண் வேண்டுமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கையால் வாழ்த்து அட்டைகள் செய்கிறேன். பிறந்தநாள், வளைகாப்பு, பொங்கல், கிறிஸ்துமஸ் என்று எல்லாவற்றுக்கும் உண்டு. இதுவரை அக்கம்பக்கத்திலும் சர்ச்சிலும்தான் விற்றேன், மாதம் ஐந்தாயிரம் ரூபாய்க்குப் போகும். இப்போது ஒரு கைவினைக் கண்காட்சியில் இரண்டு நாள் ஸ்டால் போட ஆசை. ஸ்டால் பிடித்துத் தரும் ஒருவர், ஜிஎஸ்டி எண்ணும் உத்யம் சான்றிதழும் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்கிறார். இரண்டையும் வாங்கித் தர 6,500 ரூபாய் கேட்கிறார். ஆதார், பான் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், பணம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்களுக்கு ஜிஎஸ்டி எண் தேவையில்லை. உத்யம் என்கிற குறுந்தொழில் பதிவுச் சான்றிதழும் கட்டாயமில்லை, வேண்டுமென்று நினைத்தால் அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பணம் கொடுக்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆதார் நகல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு, ஒரு நிதியாண்டில் மொத்த விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நீங்கள் வருடத்துக்கு அறுபதாயிரம் ரூபாய்க்கு விற்கிறீர்கள். ஒரே வருடத்துக்கான அந்த 40 லட்சத்துக்கு விற்று முடிக்க, இதே வேகத்தில் உங்களுக்கு அறுபது வருடத்துக்கு மேல் ஆகும். கண்காட்சியில் விற்றாலும் சரி, வீட்டு வாசலில் விற்றாலும் சரி, வரம்பு ஒன்றுதான். மேலே பேனர் கட்டி, கீழே மேசை போட்டுவிட்டதால் நீங்கள் பெரிய வியாபாரி ஆகிவிடமாட்டீர்கள்.

அப்புறம் ஏன் ஸ்டால் விண்ணப்பத்தில் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது? பெரிய கம்பெனிகளுக்காக எப்போதோ அடித்த படிவத்தை அப்படியே எல்லோருக்கும் கொடுப்பதால்தான். அந்தக் கட்டத்தில் ‘பதிவு வரம்புக்குக் கீழ், பொருந்தாது’ என்று எழுதுங்கள். ஒரு வெள்ளைத்தாளில், ‘என் ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்கும் குறைவு, எனவே நான் ஜிஎஸ்டி பதிவு பெறவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இணையுங்கள். புரிந்த ஏற்பாட்டாளர் வாங்கிக்கொள்வார். சிலர் இதையும் மீறி எண் இருந்தால்தான் என்பார்கள். அது அவர்கள் வைத்த விதி, சட்டம் அல்ல. அங்கே போகாதீர்கள், வேறு கண்காட்சியா இல்லை?

உங்களிடம் பேசியவர் இன்னொரு பயத்தையும் காட்டியிருக்கக்கூடும்: ‘ஜிபேயில் பணம் வாங்கினாலே நோட்டீஸ் வருகிறது, கர்நாடகத்தில் பார்க்கவில்லையா?’ பார்த்தோம். 2025 ஜூலையில் அங்கே சிறுகடைகளுக்கு நோட்டீஸ் போனது உண்மை. யுபிஐ வரவே வருடத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டுகிறது என்று வணிகவரித் துறை கணக்கெடுத்தவர்களுக்குப் போனது. அறுபது ரூபாய் அட்டைக்கு க்யூஆர் காட்டி வாங்குகிறவர் அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

‘தேவையில்லைதான், ஆனாலும் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டால் என்ன?’ என்று பலர் கேட்கிறார்கள். இதைவிட வம்பை விலைக்கு வாங்கும் வழி கிடையாது. பதிவு எடுத்துவிட்டால், விற்றாலும் விற்காவிட்டாலும் ரிட்டர்ன், அதாவது துறைக்கு விற்பனைக் கணக்கு, போட வேண்டும். எதுவும் விற்கவில்லை என்று சொல்லக்கூட ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால், விற்பனையே இல்லாத ரிட்டர்னுக்கும் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும், ஒரு ரிட்டர்னுக்கு 500 ரூபாய் வரை. போதாததற்கு வாடகை வீட்டு முகவரியில் பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தமோ சம்மதக் கடிதமோ, கூடவே கரண்ட் பில்லோ சொத்துவரி ரசீதோ கேட்பார்கள். வீட்டில் கம்பெனி நடத்துகிறீர்களா என்று அவர் ஆரம்பித்தால் அது தனிக் கதை. வேண்டாம் என்று ரத்து செய்தாலும் விடாது, அதற்கும் கடைசியாக ஒரு ரிட்டர்ன், அதை மறந்தால் அதற்கும் தனிக் கட்டணம். சேர வாசல் ஒன்று, வெளியேற வாசல் ஒன்பது என்று கட்டியிருக்கிறார்கள்.

இதில் தரகர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. பதிவு விண்ணப்பத்தில் உங்கள் கைபேசி எண்ணுக்குப் பதில் அவருடைய எண், உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் அவருடைய மின்னஞ்சல். ‘உங்களுக்கு ஏன் சிரமம், நான் பார்த்துக்கிறேன்’ என்பார். அதன் பிறகு துறை அனுப்பும் ஒவ்வொரு நோட்டீஸும் ஓடிபியும் அவருக்குத்தான் போகும். பாஸ்வேர்டு கேட்டால் ‘அடுத்த வருடக் கட்டணம் பாக்கி’ என்பார். உங்கள் பெயரில் ஓடும் பதிவுக்குச் சாவி அவர் கையில். ஜிஎஸ்டி பதிவுக்கு அரசு எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை என்பதை இந்த ஆட்கள் மறந்தும் சொல்லமாட்டார்கள்.

உத்யம் விஷயத்துக்கு வருவோம். இது குறுந்தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்வது, 2020 ஜூலையிலிருந்து இருக்கிறது. கடன் கேட்கப் போனால் உதவும், அரசு சார்ந்த சில கண்காட்சிகளில் கேட்பார்கள். ஆதார், பான், ஆதாரோடு இணைந்த கைபேசி இருந்தால் வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிற தளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூகுளில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரத் தளங்கள். அசோகச் சின்னம் போல ஒன்றை ஒட்டிக்கொண்டு, படிவம் நிரப்ப வைத்து, கடைசிப் பக்கத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் என்று பணம் கேட்பார்கள். ‘உங்கள் உத்யம் காலாவதி ஆகிறது, புதுப்பியுங்கள்’ என்று போனும் வரும். உத்யம் பதிவுக்குப் புதுப்பித்தலே கிடையாது. வைத்துவிடுங்கள்.

ஆங்கிலப் படிவம் கஷ்டமாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் இலவசமாகச் செய்து தருவார்கள். அது கிண்டியில் இருக்கிறது. மத்திய அரசின் குறுந்தொழில் அலுவலகமும் கிண்டியில். தொழிற்சாலைப் புகையை எண்ணூரும் மணலியும் வாங்கிக்கொள்ள, தொழில் அலுவலகம் மட்டும் ஊரின் அந்தக் கோடியில் என்ன நியாயமோ. மெட்ரோ வந்ததில், தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் போய் இறங்கலாம், அந்த ஒரு புண்ணியம்தான்.

இனி, ஜிஎஸ்டி எண் தேவையில்லை என்று சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் டிசம்பர் வந்தால் ‘பாண்டியில் நல்ல கூட்டம், ஸ்டால் போடலாம் வாங்க’ என்று கட்டாயம் யாராவது கூப்பிடுவார்கள். ஈசிஆரில் மூன்று மணி நேரம், அதே தமிழ், அதே சாப்பாடு. ஆனால் வரிச் சட்டத்துக்குப் புதுச்சேரி வேறு பிரதேசம். தனக்கு நிலையான கடையோ அலுவலகமோ இல்லாத மாநிலத்தில் எப்போதாவது போய் விற்பவரைச் சட்டம் தனி வகையாக வைத்திருக்கிறது. கேஷுவல் டேக்ஸபிள் பர்சன் என்று பெயர். இவருக்கு அந்த 40 லட்சம் வரம்பு கிடையாது. பத்து அட்டை விற்றாலும் அங்கே தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டும். விற்பனை தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். பதிவு 90 நாள் வரை செல்லும். எவ்வளவு விற்கும் என்று உத்தேசமாகப் போட்டு, அதற்கான வரியை முன்பணமாகவே கட்ட வேண்டும். விற்காமல் போனால்? ரிட்டர்ன் போட்ட பிறகு மீதியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமாம்.

‘கைவினைப் பொருளுக்கு இதிலிருந்து விலக்கு இருக்கிறதே’ என்று விவரம் தெரிந்தவர் யாராவது சொல்வார். இருக்கிறது. பான் வேண்டும், ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆனால் எது கைவினைப் பொருள் என்பதற்கு அரசு ஒரு வரையறையும் பட்டியலும் வைத்திருக்கிறது. கையால் செய்ததெல்லாம் அதில் வந்துவிடாது. கணிசமான அலங்கார வேலைப்பாடு இருக்க வேண்டும், எந்திரத்தில் செய்வதிலிருந்து நன்றாக வேறுபட வேண்டும் என்றெல்லாம் போகிறது. உங்கள் அட்டை அதில் அடங்கும் என்று வாதாடலாம்தான். ஸ்டாலில் ஆள் காத்திருக்கும்போது அதிகாரியிடம் அந்த வாதத்தை நடத்த நீங்கள் தயாரா என்பதுதான் கேள்வி. இன்னும் கேளுங்கள்: அந்த விலக்கில் போகிறவர் மாநில எல்லை தாண்டிக் கைவினைச் சரக்கைக் கொண்டுபோனால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில், அதாவது சரக்கைக் கொண்டுபோவதற்கான இணையச் சீட்டு, எடுக்க வேண்டும். மற்ற வியாபாரிகளுக்கு ஐம்பதாயிரம் ரூபாய்ச் சரக்கு வரை பொதுவாக அது தேவைப்படாது. ஒரு கட்டைப்பை அட்டையோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவருக்குத் தேவை! இந்த விதியை எழுதியவர் கட்டைப்பை தூக்கியிருக்க வாய்ப்பில்லை. ஆகவே இப்போதைக்குத் தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்றுக்கொள்ளுங்கள். பெங்களூரிலிருந்து இன்ஸ்டாகிராமில் ஆர்டர் வந்து கூரியரில் அனுப்புவதற்கும் இதே தலைவலிதான், அதையும் தள்ளி வையுங்கள்.

ஸ்டாலுக்கு வருவோம். பிடித்துத் தருகிறவர் உங்களிடம் சொல்லும் வாடகையும் ஏற்பாட்டாளர் வாங்கும் வாடகையும் ஒன்றாக இருக்காது. ஏற்பாட்டாளரின் எண்ணை நோட்டீஸில் பார்த்து நேராகப் பேசுங்கள். மண்டபத்துக்கும் ஒரு போன் போட்டு அந்தத் தேதியில் இவர்கள் பெயரில் புக்கிங் இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு, நடக்காத கண்காட்சிக்குத் தேதி சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘வாடகை 3,000, ஜிஎஸ்டி தனி’ என்றால் 18 சதவீதம் சேர்த்து 3,540 ஆகிறது. அப்படி வாங்கினால் அவருடைய ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் தர வேண்டும். அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். பில் இல்லாமல் ‘ஜிஎஸ்டி தனி’ என்று வாங்கினால் அந்த 540 ரூபாய் அவர் சட்டைப்பைக்குப் போகிறது.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு அட்டை 60 ரூபாய்க்கு விற்று, காகிதம், கவர், மணி, பசை எல்லாம் 22 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 38. வாடகை 3,540, இரண்டு நாள் ஆட்டோவுக்கு 600. கைக்காசு திரும்பவே 109 அட்டை விற்க வேண்டும், உங்கள் உழைப்புக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி வாழ்த்திவிடுகிற காலத்தில் 109 சுலபமில்லை. தெரிந்த ஒருவரோடு மேசையைப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். அட்டைகளோடு ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவர்களையும் செய்து வையுங்கள். என் துறை இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: வாழ்த்து அட்டை வாங்க யோசிக்கிறவர்கூட முகூர்த்த மாதத்தில் மொய்க் கவர் வாங்க யோசிப்பதில்லை. மகளிர் சுய உதவிக்குழுவில் இருந்தால் நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்துக் கண்காட்சிகளுக்கும் கல்லூரிச் சந்தைகளுக்கும் குழு வழியாகக் கேளுங்கள். நடுவில் யாரும் வேண்டாம்.

ஆண்டர்சன் தெருவில் காகிதம் வாங்கும்போது பில் வாங்கி ஒரு ஃபைலில் போடுங்கள், விற்றதை நோட்டில் எழுதுங்கள். நீங்கள் கொடுக்கும் ரசீதில் ஜிஎஸ்டி என்று ஒரு பைசாகூடச் சேர்க்காதீர்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கச் சட்டம் தடை செய்கிறது.

இப்போது அந்த ஆதார் நகல். கூலி வேலை செய்கிறவர்களின் ஆதார், பான் நகலை வாங்கி, அவர்கள் பெயரில் போலி நிறுவனம் திறந்து, கடைசியில் அவர்களுக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளை நாளிதழில் பார்த்திருப்பீர்கள். உங்களிடம் பேசியவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பார்த்துவிடுவது நல்லது. ஜிஎஸ்டி தளத்தில் ‘சர்ச் டேக்ஸ்பேயர்’ என்பதன் கீழ் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது, லாகின் வேண்டாம். உங்கள் பான் எண்ணைப் போடுங்கள். அதன் பேரில் இந்தியாவில் எங்கே பதிவு இருந்தாலும் காட்டும். இன்றைக்கு ஒன்றும் இல்லையென்றாலும் சில மாதம் அவ்வப்போது பாருங்கள். அவரிடமிருந்து ‘ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க’ என்று போன் வந்தால் சொல்லாதீர்கள், அது எதற்கான ஓடிபி என்று அவர் என்ன விளக்கம் கொடுத்தாலும் சரி. உங்கள் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆதார் செயலியில் பூட்டிவிடுங்கள். இனி யாருக்காவது நகல் கொடுக்க வேண்டி வந்தால் முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். அதன் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்றும் தேதியும் எழுதிவிடுங்கள்.

தேடும்போது நீங்கள் எடுக்காத பதிவு ஏதாவது வந்தால், அந்தத் திரையை உடனே படமெடுத்து அச்செடுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் புகார் பதிந்துவிட்டு, அந்த அச்சோடு உங்கள் பகுதி வணிகவரி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேட்டு வாங்குங்கள். சைபர் குற்றப் பிரிவிலும் பதியுங்கள், உதவி எண் 1930. ‘அப்புறம் வாங்க’ என்பார்கள். முத்திரை விழும் வரை நகராதீர்கள்.